என் பைக்குள் போன கை

யுத்தம் முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சியில் சொன்னதற்கு அடுத்த கிழமை, ஒரு பிற்பகல், கனடாவின் ஸ்காபரோவில் பஸ்ஸால் இறங்கி வீட்டுக்கு நடந்துகொண்டிருந்த என்னை இரண்டு பொலிஸ்காரர் மறித்துச் சோதித்தார்கள். அந்தக் கதையைப் பிறகு பலருக்குச் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்களில் பாதிப்பேர் எந்த இடத்தில் என் குரல் உடையும் என்று காத்திருந்து ஏமாந்து போனார்கள். எனக்கு அந்த இரண்டு பேர்மேலும் கோபம்கூட அதிக நாள் நிற்கவில்லை. ஒருவன்மேல் கோபம் வைப்பதென்றால் அவனிடம் அதற்குரிய பெறுமதி ஏதாவது இருக்கவேண்டும். எனக்கு மிஞ்சியது இளக்காரம்தான். அது இன்னமும் இருக்கிறது.

அப்போது நான் ஒரு மீன் களஞ்சியத்தில் வேலை செய்தேன். உறைந்த இறாலும் மீனும் பெட்டி பெட்டியாகக் கூரைவரை அடுக்கியிருக்கும் பெரிய பிறீசர் அது. விடியமுன் உள்ளே போனால் மத்தியானம் கழிந்துதான் வெளியே வருவேன். வெளியில் எந்தக் காலமானாலும் உள்ளே எங்களுக்கு மாசி மாதக் குளிர்தான். அதனால் மே மாதத்திலும் தடித்த ஜக்கெற்றோடு வேலைக்குப் போய், அதே ஜக்கெற்றோடு திரும்புவேன். களஞ்சியத்தில் விட்டுவிட்டு வரலாம்தான். விட்டால் அடுத்த நாள் வேறொருவன் அதைப் போட்டுக்கொண்டு நிற்பான்.

அந்த ஜக்கெற்றின் உட்பையில், நெஞ்சோடு ஒட்டி, என் கைத்தொலைபேசி இருக்கும். வெளிப்பையில் வைத்தால் குளிருக்குப் பற்றரி செத்துவிடும். வேலை நேரத்தில் போன் வைத்திருக்கக்கூடாது என்பது களஞ்சியத்தின் சட்டம். அந்த மாதங்களில் மேற்பார்வையாளர் என்னைப் பார்த்தும் பார்க்காதமாதிரி இருந்தார். அவர் ஒரு பிலிப்பைன்ஸ்காரர். என் தங்கச்சி வன்னிக்குள் அகப்பட்டிருக்கிறாள் என்று ஒருநாள் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவரும் உடைந்த ஆங்கிலத்தில் சரி என்றார். அந்த வருஷம் எனக்கு உதவிய ஆங்கிலம் அவ்வளவுதான்.

தங்கச்சி கடைசியாகத் தை மாதத்தில் பேசினாள். "அண்ணா, இந்த இடத்தையும் விட்டு எழும்பப் போறம். போய்ச் சேர்ந்த உடனை எடுக்கிறன்" என்றாள். அதன் பிறகு சத்தம் இல்லை. புருஷனோடும் மாமியாரோடும் அவள் எங்கே ஓடினாள், இருக்கிறாளா இல்லையா, ஒன்றும் தெரியாது. சண்டை முடிந்து, மிஞ்சிய சனத்தை வவுனியாப் பக்கம் முட்கம்பிக்குள் வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் கேள்விப்பட்டோம். முகாமுக்குள் களவாக வைத்திருக்கும் போன்களிலிருந்து சிலருக்கு அழைப்பு வந்தது. வருகிற அழைப்பில் இலக்கம் விழாது. திரையில் 'தெரியாத இலக்கம்' என்று மட்டும் வரும். ஆகவே திருப்பி எடுக்கவும் முடியாது. வரும்போது எடுத்தால்தான் உண்டு.

அந்த நாட்களில், சண்டையை நிறுத்தச் சொல்லி, நகர்நடுவில் எங்கள் சனம் கூட்டம் கூட்டமாகக் கொடியோடு நின்றது. ஒருநாள் நெடுஞ்சாலையிலும் ஏறி மறித்தது. மறித்தவர்களின் அக்காவும் அண்ணனும் அங்கே செத்துக்கொண்டிருந்தார்கள். இங்கே தொலைக்காட்சியில் கார்க்காரர்கள் வீட்டுக்குப் போகப் பிந்திவிட்டது என்று முறைப்பட்டார்கள். அதற்குப் பிறகு இந்த நகரம் எங்களைப் பார்க்கிற பார்வை வேறாக இருந்தது. என் மனைவி வேலை இல்லாத நாட்களில் அங்கே போய் நின்றாள். நான் ஒருநாளும் போகவில்லை. இறால் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அன்று நல்ல வெயில். வோபர்னில் எங்கள் மாடிக் கட்டடத்துக்குப் போகும் தெருவில் பாதித் தூரம் வந்திருப்பேன். ஒரு பொலிஸ் கார் நடைபாதையில் அரைவாசி ஏறி எனக்கு முன்னால் நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். மூத்தவன் கறுப்புக் கண்ணாடி போட்டவன், வயிறு பட்டிக்கு மேலால் வழிந்தது. மற்றவன் இளையவன், கன்னம் சிவந்து, பள்ளிக்கூடத்தால் நேரே வந்தவன் மாதிரி இருந்தான்.

"எங்கேயிருந்து வருகிறாய், பொஸ்?" என்று மூத்தவன் ஆங்கிலத்தில் கேட்டான்.

இந்த நாட்டில் என்னைப் பொஸ் என்று கூப்பிட்ட ஒருவனாவது என்னை முதலாளியாக நினைத்ததில்லை.

"வேலையிலிருந்து" என்றேன்.

"இந்த வெயிலில் இந்த ஜக்கெற்றா?"

"பிறீசர் வேலை."

அவன் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. இந்தப் பகுதியில் வீடுகள் உடைபடுகின்றன, ஆட்களை விசாரிக்கிறோம் என்றான். பிறகு கண்ணாடியைச் சற்று இறக்கி, "தமிழா?" என்றான். ஓம் என்று தலையாட்டினேன். "நகரத்துக்குள் கொடி பிடிக்கப் போனாயா?" என்றான். வீடு உடைத்ததற்கும் கொடிக்கும் என்ன தொடர்பு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவனுக்குத் தெரிந்திருக்காது.

அப்போது நடந்ததுதான் பிறகு நீதிமன்றத்தில் பெரிய விஷயமானது. அவன் சோதிக்கப் போகிறேன் என்று சொல்லவில்லை. கையைத் தூக்கு என்றும் சொல்லவில்லை. அவன் ஓர் அடி கிட்ட வந்தான், அவ்வளவுதான். நான் சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்து, காலை அகட்டி, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து நின்றேன். யோசித்துச் செய்ததல்ல. தும்மல் வருவதுபோல வந்தது.

இளையவன் சிரித்தான். "இவன் பழகினவன்" என்று மற்றவனிடம் சொன்னான்.

உண்மைதான், பழகினவன். கொழும்பில் லொட்ஜிலிருந்து தேத்தண்ணிக் கடைக்குப் போகிற வழியில் பழகினேன். வவுனியாச் சோதனைச்சாவடியில் வரிசையில் நின்று பழகினேன். ஆமியும் தடவினான், மறுபக்கத்தில் இயக்கமும் தடவியது. ஆனால் அங்கே என்னைத் தடவியவர்களின் விரல்களில் ஒரு பயம் இருந்தது. இவன் வெடித்துவிடுவானோ என்ற பயம். அந்தப் பயத்தை என்னால் விளங்கிக்கொள்ள முடிந்தது, சில வேளை இரங்கவும் முடிந்தது. இந்த மூத்தவனின் விரல்களில் ஒன்றும் இல்லை. அலுப்பு மட்டும். பூட்டுத் திறப்புத் தேடி மேசை லாச்சியை இழுத்துக் கிளறுவதுபோல அவன் என்னைக் கிளறினான்.

வெளியிலிருந்து தட்டிப் பார்த்தான். பிறகு கை பைகளுக்குள் போனது. வீட்டுத் திறப்பு, பஸ் ரோக்கன்கள், மூக்குத் துடைக்கும் கடதாசி, கையுறை. எல்லாம் காரின் முன்பக்கத்துப் பொனற்றின்மேல் போனது. பிறகு ஜக்கெற்றின் சிப்பை இழுத்து, உட்பைக்குள் கையை விட்டுப் போனை எடுத்தான். அதையும் பொனற்றில் வைத்தான்.

இளையவன் ஒரு சின்ன அட்டையை எடுத்து எழுதத் தொடங்கினான். பெயர், உயரம், நிறை, தோல் நிறம், எங்கே பிறந்தேன், யாரோடு திரிவேன். தோல் நிறத்தை என்னிடம் கேட்கவில்லை. ஒருதரம் நிமிர்ந்து பார்த்துத் தானே எழுதிக்கொண்டான். அவ்வளவு நேரமும் என் கைகள் விரித்தபடி இருந்தன. இறக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை.

அந்த நேரம் போன் அடித்தது.

சத்தத்தை நிறுத்தி அதிரவிட்டிருந்தேன். அது பொனற்றின்மேல் முனகிக்கொண்டு மெல்ல நகர்ந்தது. திரை என் பக்கமாக இருந்தது. தெரியாத இலக்கம்.

"என் தங்கச்சி" என்று சொல்லி வலது கையை இறக்கி நீட்டினேன்.

"கையை மேலே வை" என்றான் மூத்தவன்.

"என் தங்கச்சி" என்று திரும்பவும் சொன்னேன். ஆங்கிலத்தில் அந்த இரண்டு சொல்லைத் தவிர வேறொன்றும் எனக்கு வரவில்லை. கை போனைத் தொட்டிருக்கும். அதற்குள் அவன் என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கி, முகத்தைப் பொனற்றோடு சேர்த்து அழுத்தினான். வெயிலில் அது கொதித்தது. போன் என் மூக்குக்கு ஒரு சாண் தள்ளி நின்று அதிர்ந்தது. இளையவன் குனிந்து திரையைப் பார்த்தான். எடுத்துக் கேட்டிருக்கலாம். என் காதில் வைத்திருக்கலாம். அவன் அட்டையைப் பொக்கற்றில் பத்திரமாக வைத்தான், பிறகு கைவிலங்கை எடுத்தான். போன் அதிர்ந்து, அதிர்ந்து, நின்றது.

பொலிஸாரின் கடமைக்கு இடையூறு செய்தேன் என்று குற்றம் எழுதினார்கள். பின்னேரம் பொலிஸ் ஸ்ரேசனால் விட்டபோது மனைவி வந்து வாசலில் நின்றாள். அவள் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்தாள். சமையல் உடுப்போடேயே வந்திருந்தாள்.

"அடிச்சவங்களோ?"

"இல்லை."

"பின்னை ஏன் கன்னம் சிவந்து கிடக்கு?"

"காரிலை பட்டது." சற்று நடந்த பிறகு சொன்னேன். "கோல் வந்ததப்பா. இலக்கம் விழேல்லை."

அவள் நின்றுவிட்டாள். "எடுத்தனீங்களோ?"

"விடேல்லை."

அவள் அழவில்லை. திரும்பி ஸ்ரேசன் கட்டடத்தைப் பார்த்தாள். பிறகு, "உவங்களுக்கு வீட்டிலை ஒருத்தருமே இல்லையோ?" என்றாள்.

அதன் பிறகு வந்த நாட்களைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. போனைக் குளிக்கும் அறைக்கும் கொண்டுபோனேன். கூப்பிட்டது அவள்தானா, அவளைப் பற்றிச் சொல்ல வேறு யாராவதா, சொல்ல வந்தது என்ன, எல்லாவற்றையும் மாறி மாறி யோசித்தேன். மனைவி இரவில் எழும்பிப் போன் சார்ஜில் கிடக்கிறதா என்று பார்ப்பாள். நான் பார்த்துவிட்டுப் படுத்தது அவளுக்கும் தெரியும்.

இதற்கிடையில் ஒரு பெரிய மனிதர் எங்களைத் தேடி வந்தார். நகருக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லில் புது வீடு வாங்கியவர், இரண்டு கார் விடும் கராஜ் உள்ளவர். ஏதோ ஒரு சங்கத்துக்குத் தலைவர். வருஷத்துக்கு ஒருமுறை பொலிஸ் அதிகாரிகளுக்கு விருந்து வைத்து, அவர்கள் தோளில் கைபோட்ட படத்தைச் சங்கத்தின் கலண்டரில் போடுவார். எங்கள் கட்டடத்து லிப்ற் அன்று வேலை செய்யவில்லை. ஒன்பது மாடி ஏறி வந்து, மூச்சு வாங்கியபடி கதிரையில் இருந்தார்.

"தம்பி, நடந்தது நடந்துபோச்சு" என்றார். "ரோட்டை மறிச்சு ஏற்கெனவே எங்கட பேர் கெட்டுப்போச்சு. இப்ப நீரும் கோர்ட்டிலை நிண்டு பொலிஸோடை இழுபட்டால் ஆருக்கு நட்டம்? ஒரு மன்னிப்புக் கேட்டால் ஆக்கள் விட்டிடுவினம். நான் கதைச்சுப் பாத்திட்டன்."

"என்னத்துக்கு மன்னிப்பு?" என்று கேட்டேன்.

"அதில்லைத் தம்பி. அவையள் தங்கட வேலையைச் செய்யினம். மடியிலை ஒண்டும் இல்லாட்டிச் செக் பண்ணினால் என்ன?"

மனைவி குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். தேத்தண்ணிக் கோப்பையைக் கொண்டுவந்து அவருக்கு முன்னால் வைத்தாள். "அண்ணை, ஸ்ரௌவ்வில்லிலை உங்களை எத்தினை தரம் மறிச்சவங்கள்?"

அவர் சிரித்தார். "எனக்கென்ன பிள்ளை, நான் காரிலை எல்லோ போறனான்."

"அப்ப பொக்கற்றுக்கை கைவிட்டால் எப்பிடி இருக்கும் எண்டு உங்களுக்குத் தெரியாது. தெரியாததைப் பற்றிக் கதையாதேங்கோ. தேத்தண்ணியைக் குடியுங்கோ."

அவர் குடித்தார். குடித்து முடித்து, ஒன்பது மாடி இறங்கிப் போனார். தாங்கள் அனுபவிக்காத அவமானத்தை மற்றவர்களுக்காகப் பெருந்தன்மையோடு மன்னித்துவிடுகிற இப்படிப்பட்டவர்கள் எங்களுக்குள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்தப் பொலிஸ்காரனைவிட இவரை நான் ஒரு படி கீழேதான் வைத்தேன். அவன் சம்பளத்துக்குச் செய்தான்.

தங்கச்சியின் அழைப்பு இரண்டு கிழமைக்கு மேல் கழித்து வந்தது. களஞ்சியத்தில் இருந்தேன். நெஞ்சில் அதிர்வு தெரிந்ததும் பெட்டியைப் போட்டுவிட்டுப் பிறீசர் கதவுக்கு வெளியே ஓடினேன்.

"அண்ணா" என்றாள். குரல் கிழவியின் குரல் மாதிரி இருந்தது. புருஷனைப் பிரித்துக் கொண்டுபோய்விட்டார்கள், எங்கே என்று தெரியாது. மாமியார் வழியில், மாத்தளனில், செத்துப்போனா. தான் மட்டும் இருப்பதாகச் சொன்னாள். பிறகு கேட்டாள். "அண்டைக்கு எடுத்தனான். ஒரு நாள் முழுக்கக் காத்திருந்துதான் போன் கைக்கு வந்தது. அடிச்சு அடிச்சு நிண்டிட்டுது. ஏன் அண்ணா எடுக்கேல்லை?"

பொய் ஒன்றும் அந்த நேரத்தில் வாயில் வரவில்லை. "ரோட்டிலை வைச்சுப் பொலிஸ் மறிச்சுச் செக் பண்ணினது. போனை எடுக்க விடேல்லை."

வரிசையில் நின்ற யாரோ அவளை அவசரப்படுத்துவது கேட்டது.

"கனடாவிலையுமோ?" என்றாள்.

அந்த இரண்டு பொலிஸ்காரரைப் பற்றி எத்தனையோ பேர் எத்தனையோ சொன்னார்கள். இதைவிடக் கேவலமாக ஒருவரும் அவர்களைப் பேசவில்லை. அவள் அவர்களைப் பேசவும் இல்லை. தெரியாமல்தான் கேட்டாள்.

வழக்கின் முதல் தவணைக்குப் போனபோது நீதிமன்றத்தில் இலவசமாக நிற்கும் சட்டத்தரணி ஒருவர் என்னோடு நின்றபடியே பேசினார். கோப்பைத் திறந்து ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தார். குற்றத்தை ஒப்புக்கொள், நீதிபதி எச்சரித்து விட்டுவிடுவார், மத்தியானத்துக்குள் வேலைக்குப் போய்விடலாம் என்றார். நல்ல மனிதர்தான், கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. நான் செய்தேனா இல்லையா என்று கேட்க மட்டும் மறந்துபோனார்.

மனைவியோடு வேலை செய்கிற ஒருவர் சொல்லி, வேறொரு சட்டத்தரணியிடம் போனோம். சிகை அலங்காரக் கடைக்கு மேலே ஒற்றை அறை. யாழ்ப்பாணத்துத் தாய் தகப்பனுக்கு இங்கே பிறந்த பெண், முப்பது வயதும் இராது. நான் சொன்னதை நடுவில் குறுக்கிடாமல் கேட்டாள். முடிந்ததும், "அங்கிள், ஒண்டு கிளியராச் சொல்லுங்கோ. செக் பண்ணலாமா எண்டு அவன் கேட்டவனா?" என்றாள்.

"இல்லைப் பிள்ளை. நான் தானாக் கையைத் தூக்கினனான்."

"ஏன்?"

"பொலிஸ் கிட்ட வந்தால் தூக்கத்தானே வேணும்."

அவள் பேனையைக் கீழே வைத்தாள். "தூக்கத் தேவையில்லை அங்கிள். அதுதான் விஷயம். இங்க ஒராளை ரோட்டில நிப்பாட்டி வைக்கிறதெண்டால், நடந்த ஒரு கிரைமோட இவருக்குத் தொடர்பு இருக்கு எண்டு சந்தேகப்பட அவனிட்ட காரணம் இருக்க வேணும். சும்மா ஒரு ஃபீலிங் மட்டும் போதாது. நிப்பாட்டினாலும் உடன செக் பண்ண ஏலாது. இவரிட்ட ஆயுதம் இருக்கு, எங்களுக்கு ஆபத்து எண்டு நினைக்க வேற காரணம் வேணும். அப்பவும் வெளியில தட்டித்தான் பாக்கலாம். பொக்கற்றுக்குள்ள கைவிடுறது நெக்ஸ்ற் லெவல்."

"நான் கையைத் தூக்கினது?"

"அதை அவங்கள் கொன்சென்ற் எண்டு சொல்லுவாங்கள். நீங்கள் சம்மதிச்சீங்களாம். ஆனா மாட்டன் எண்டு சொல்லலாம் எண்டு தெரியாத ஆள் எப்பிடி ஓம் எண்டு சொன்னதாகும்? அண்டைக்கு அவன் செய்தது சட்டப்படியான டியூட்டி இல்லையெண்டால், நீங்கள் டியூட்டிக்கு இடையூறு செய்ததும் இல்லை. சிம்பிள்."

நான் இந்த நாட்டுக்கு வந்து பதினைந்து வருஷத்துக்கு மேல். குடியுரிமைப் பரீட்சைக்கு மாகாணங்களின் தலைநகரங்களை எல்லாம் பாடமாக்கியவன். பொலிஸுக்கு முன்னால் கையைக் கீழே வைத்திருக்கலாம் என்று அந்தப் புத்தகத்தில் இருந்ததாக ஞாபகம் இல்லை.

விசாரணை அடுத்த வருஷம் வந்தது. மூத்தவன் சாட்சிக் கூட்டில் ஏறினான். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் அவன் கண்கள் சின்னதாக இருந்தன. என் ஜக்கெற் பருவத்துக்குப் பொருந்தாதது என்றான். நான் முதலில் வேகமாக நடந்து, காரைக் கண்டதும் மெதுவாக நடந்தேன் என்றான். கண்ணைப் பார்த்துப் பேசவில்லை என்றான். பிறகு, "அவர் தானாகவே கைகளை விரித்தார். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்" என்றான்.

எங்கள் சட்டத்தரணிப் பெண் எழும்பினாள். அன்று அந்தப் பகுதியில் எந்த வீடு உடைபட்டது என்று கேட்டாள். அவனுக்கு ஞாபகம் இல்லை. தேடிய ஆளின் அடையாளம் என்ன என்றாள். மண்ணிற ஆண், நடுத்தர உயரம். வயது? இருபதுக்கும் ஐம்பதுக்கும் இடையில்.

"இந்த அறையில் அந்த அடையாளம் எத்தனை பேருக்குப் பொருந்தும்?" என்று கேட்டாள்.

அரசதரப்புச் சட்டத்தரணி ஆட்சேபித்தார். அந்த அடையாளம் அவருக்கும் பொருந்தியது.

எனக்காக ஒரு மொழிபெயர்ப்பாளரை அமர்த்தியிருந்தார்கள். கோட்டும் கழுத்துப் பட்டியுமாக, நெற்றியில் சந்தனத்தோடு ஒரு மனிதர். நான் சாட்சி சொல்லும்போது, அந்த இடத்தை விட்டுப் போகலாம் என்று நினைத்தீரா என்று அரசதரப்பு ஆங்கிலத்தில் கேட்டது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "தாங்கள் அவ்விடத்தினின்றும் அகன்று செல்லும் சுதந்திரத்தைத் தங்கள் உள்ளத்தில் உணர்ந்தீர்களா?" என்றார்.

எனக்கு ஆங்கிலத்தில் கேட்டது விளங்கியது, தமிழில் சொன்னது விளங்கவில்லை. "என்ன கேக்கிறியள்?" என்றேன். அவர் அதையே இன்னும் சத்தமாகச் சொன்னார். கடைசியில் நீதிபதியைப் பார்த்தே சொன்னேன்.

"பொலிஸ் மறிச்சு நிக்கேக்கை நான் எங்கை போறது? போனால் சுடுவாங்கள் எண்டுதான் நான் பழகினது."

அதை மட்டும் அந்த மனிதர் சரியாக மொழிபெயர்த்தார். சொல்லி முடித்து ஒருகணம் தன் கைகளைப் பார்த்தார்.

நீதிபதி வயதான ஒரு பெண். சில நாட்கள் கழித்துத் தீர்ப்பை வாசித்தா. மே மாதத்தில் ஜக்கெற் போடுவது குற்றத்தின் அடையாளம் அல்ல, அதற்கு அவர் அப்போதே காரணமும் சொல்லியிருக்கிறார் என்றா. மண்ணிற ஆண் என்ற அடையாளத்தை வைத்து ஒருவரைத் தெருவில் நிறுத்திவைக்க முடியாது. நிறுத்திவைக்கவே காரணம் இல்லாதபோது சோதிக்கவும் காரணம் இல்லை. ஆபத்து இருந்ததாகச் சாட்சி சொன்ன அதிகாரியும் சொல்லவில்லை. தட்டிப் பார்த்தும் ஒன்றும் அகப்படாத பிறகு பைக்குள் கைவிட்டது பாதுகாப்புக்காக அல்ல, வெறும் ஆவலுக்காக. பணிந்து நிற்பது வேறு, சம்மதிப்பது வேறு. ஆகவே குற்றச்சாட்டு நிற்காது.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நான் மனைவியின் பக்கம் திரும்பினேன். அப்போது நீதிபதி கடைசியாக ஒரு வரி சேர்த்தா. அதிகாரிகள் தவறாக நடந்தாலும் நல்லெண்ணத்தோடு நடந்தார்கள் என்று ஏற்றுக்கொள்கிறேன் என்று.

"நல்லெண்ணம் எண்டால் என்னவாம்?" என்று மனைவி காதுக்குள் கேட்டாள்.

"தெரியாமல் செய்தவையாம்."

"இவ்வளவு கேவலமாச் செய்யிறதுக்கு ஒண்டும் தெரிஞ்சிருக்கத் தேவையில்லைத்தானே" என்றாள்.

நடைகூடத்தில் இளைய பொலிஸ்காரன் சுவரோடு நின்றான். அவனைச் சாட்சிக்குக் கூப்பிடவே இல்லை. நாங்கள் கடக்கும்போது ஏதோ சொல்ல வாயெடுத்தான். மன்னிப்பாக இருக்கலாம், நேரம் கேட்டதாகவும் இருக்கலாம். மூத்தவன் லிப்ற்றைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டான். இளையவன் போய்விட்டான். பொனற்றில் என் தலை கிடந்தபோது அவனுக்கு முடிவெடுக்க எவ்வளவோ நேரம் இருந்தது. அதில் எடுக்காததை நடைகூடத்தில் எடுத்து எனக்கு என்ன ஆகவேண்டும்.

அடுத்த கிழமை ஓர் இலவசத் தமிழ்ப் பத்திரிகையில் செய்தி வந்தது. எங்கள் வழக்கில் கிடைத்த வெற்றி சமூகத்தின் வெற்றி என்று போட்டிருந்தார்கள். பக்கத்தில் ஸ்ரௌவ்வில் பெரியவரின் படம். தான் ஆரம்பத்திலிருந்தே அந்தக் குடும்பத்துக்குத் துணையாக நின்றதாகச் சொல்லியிருந்தார். என் படம் இல்லை, அதற்கு மட்டும் அவருக்கு நன்றி. மனைவி அந்தப் பக்கத்தை விரித்து மீன் வெட்டினாள்.

பொலிஸ்காரனைப் பற்றி முறைப்பாடும் கொடுத்தோம். சட்டத்தரணிப் பெண் இதற்குப் பணம் வாங்கவில்லை. "வெல்லாது அங்கிள், ஆனாலும் எழுதுவம்" என்றாள். வெல்லவில்லை. போதிய ஆதாரம் இல்லை என்று பதில் வந்தது. நீதிபதி ஒருவர் எழுத்தில் சொன்னது ஆதாரம் இல்லையென்றால் வேறு எதுதான் ஆதாரம் என்று யாரையாவது கேட்க அந்தக் கடிதத்தில் கையெழுத்துக்கூட ஒழுங்காக இல்லை.

தங்கச்சி முகாமை விட்டு வெளியே வந்து வவுனியாவில் ஓர் அறை எடுத்திருந்தாள். புருஷனைத் தேடி அரச கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவோம். வழக்கு வென்றதைச் சொன்னேன். "அப்ப அந்தப் பொலிஸை என்ன செய்தவங்கள்?" என்று கேட்டாள். ஒன்றும் செய்யவில்லை என்றேன். அவளுக்கு அது புதினமாக இருக்கவில்லை. வேறு கதைக்குப் போனாள்.

அதன் பிறகு வந்த பனிக்காலத்தில், ஒரு சனிக்கிழமை காலை, எங்கள் தெரு முனையில் இருக்கும் கோப்பிக் கடையில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவன் திரும்பியபோது அந்தச் சின்னக் கண்களைக் கண்டேன். சாதாரண உடுப்பு, தலையில் கம்பளித் தொப்பி. கையில் இரண்டு கோப்பியும் ஒரு டோனற் பெட்டியும். என் முகத்துக்கு நேரே பார்த்தான். நானும் பார்த்தேன், கண்ணை எடுக்கவில்லை. நீதிமன்ற அறையில் ஒரு நாள் முழுக்க என்னைப் பற்றிப் பேசியவன்.

அவனுக்கு என்னைத் தெரியவில்லை.

"மன்னிக்க வேண்டும், பொஸ்" என்று சொல்லி, தோளால் வழிவிடச் சொல்லித் தாண்டிப் போனான். கதவைத் தள்ளி வெளியே போகும்போது பின்னால் வந்த ஒரு கிழவிக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் நன்றி சொன்னாள். அவன் தலையாட்டினான்.

காசு வாங்கும் மேசையில் நின்ற பிள்ளை என்ன வேண்டும் என்று இரண்டாந்தரம் கேட்டது. ஒரு தேத்தண்ணி என்றேன். வாங்கிக்கொண்டு யன்னலோரம் இருந்து, அவன் தன் காரின் கண்ணாடியிலிருந்து பனியைச் சுரண்டுவதைப் பார்த்தேன். ஒழுங்காகச் சுரண்டத் தெரியவில்லை. ஒரு பக்கத்தை அரைகுறையாக விட்டுவிட்டு ஏறிப் போனான்.